வன்னியில் தனியே ஒரு சுற்று நடை: குளக்கட்டா, மலையா?

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஒரு நாள் தனிய நடக்க வேணும். கொஞ்சம் மேடு ஏறி இறங்க வேணும், கொஞ்சத் தூரம் வாய்க்கால் ஓரமாப் போக வேணும், வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேணும். வன்னியில எங்க?" இங்கிலாந்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சனி ஞாயிறுப் பழக்கம். அங்கே வாய்க்கால் வெட்டியது சரக்குப் படகு ஓட. படகை இழுத்த குதிரை நடந்த கரைப்பாதை அப்படியே மிஞ்சி, இன்று ஆட்கள் நடக்கிற பாதையாகிவிட்டது. நம்முடைய வாய்க்கால் வயலுக்குத் தண்ணி கொண்டுபோக வெட்டியது. அதன் கரையில் இருப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஜீப்பும் கமக்காரரின் லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரமும் ஓடுகிற கிரவல் பாதை. அதில் நடக்கலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் அம்புக்குறியும் இல்லை, பலகையும் இல்லை, பாதை எங்கே முடியும் என்று சொல்ல ஆளும் எப்போதும் இருக்கமாட்டார்.

மலையின் கதை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலம் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இது தட்டையான நாடு. இடைக்கிடை காட்டுக்குள் கருங்கல் பாறைகள் எழும்பி நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பாறைகளும் பெரும்பாலும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இல்லை. ஆகவே மலையும் வாய்க்காலும் ஒரே சுற்றில் வேண்டும் என்று கேட்பவருக்கு வன்னியில் உண்மையில் ஒரே ஒரு தெரிவுதான் இருக்கிறது. அது தனியாகப் போகிறவருக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. என் பதில், இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தெரிவுகளை ஒப்பிட முன், எதை வைத்து ஒப்பிடுவது என்று தெளிவாக வேண்டும். காட்சி அழகை வைத்துப் பார்த்தால் எல்லாக் குளமும் அழகுதான். பின்னேர வெயிலில் எந்தக் குளக்கட்டில் நின்றாலும் படம் நன்றாக வரும். தூரத்தை வைத்துப் பார்ப்பதும் அவ்வளவு உதவாது, ஏனென்றால் சுற்றைச் சுருக்கலாம், நீட்டலாம். தனியே நடப்பவருக்கு நான் வைக்கிற அளவுகோல் ஒன்றே: அரை மணித்தியாலத்துக்கு ஒருவராவது எதிர்ப்படுவாரா? வயலுக்குப் போகிறவர், மாடு சாய்க்கிறவர், வலை தூக்குகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. கால் பிரண்டால், பாம்பு தீண்டினால், முன்னால் யானை நின்றால், உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஆள்தான். கைத்தொலைபேசி சிக்னல் காட்டுக்குள் போனதும் முதலில் கைவிடும்.

முதலில் இரணைமடு.

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதிக்குக் கிழக்கே, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பிறகு கட்டைப் பல தடவை உயர்த்தினார்கள். கடைசியாக நடந்த திருத்தத்தோடு 34 அடியாக இருந்த கொள்ளளவு மட்டம் 36 அடியானது. அந்த வேலை முடிந்த 2018 டிசம்பரிலேயே பெருமழை வந்து 14 வான்கதவுகளையும் திறக்க வேண்டி வந்தது கிளிநொச்சிச் சனத்துக்கு நல்ல ஞாபகம் இருக்கும். குளம் நிரம்பி வான் பாய்கிற நாளில் கட்டில் திருவிழாக் கூட்டம் நிற்கும். கச்சான் வண்டிலும் ஐஸ்கிறீம் வானும் வந்துவிடும். நடக்க விரும்புகிறவர் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

நான் சொல்கிற சுற்று இது. கிளிநொச்சி நகரத்திலிருந்து ஏ9 வழியே இரணைமடுச் சந்திவரை பஸ்ஸில் போங்கள். அந்தத் துண்டை நடப்பதில் ஒரு சுகமும் இல்லை. லொறியும் சொகுசு பஸ்ஸும் காதோரம் போகும். 'அப்ப அது சுற்றில்லையே' என்று சண்டை பிடிப்பவர்கள் நடக்கட்டும். சந்தியில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் நேரே குளத்துக்குத்தான் போகிறது றோட்டு. கனகாம்பிகை அம்மன் கோயிலில் தண்ணி குடித்து, முகம் கழுவி, கட்டில் ஏறலாம். கட்டின் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணி, மறுபக்கம் கீழே மருத மரங்களும் அதற்கப்பால் வயலும். காலையில் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கும்போது வெயில் நேரே கண்ணில் குத்தும், தொப்பி கட்டாயம். இதே சுற்றை எதிர்ப்பக்கமாக நடந்தால் கட்டில் வெயில் கண்ணில் குத்தாது. ஆனால் அப்போது நிழல் இல்லாத கட்டு உச்சி வெயிலில் வந்து மாட்டும். கண் கூசினாலும் பரவாயில்லை, கட்டைக் காலையிலேயே கடந்துவிடுவதுதான் புத்தி.

துருசடியில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வேன். கட்டுக்குள் இருந்து தண்ணி வாய்க்காலுக்கு வெளியேறுகிற இடம் அது. மேலே கதவைத் தூக்குகிற இரும்புத் திருகாணி, கிறீஸ் பூசிக் கறுத்திருக்கும். தண்ணிக்குள் நிற்கிற அளவுகோலில் அடி இலக்கங்கள் எழுதியிருக்கும். கடந்து போகிற கமக்காரர் ஒவ்வொருவரும் சைக்கிளை மெதுவாக்கி அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார். சிறுபோகத்தில், அதாவது கோடை விதைப்பில், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது. கீழே, கட்டின் மறுபக்கம், தண்ணி பச்சையாகக் கொந்தளித்துக்கொண்டு வெளியே வந்து, இருபது முப்பது யார் தூரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாகி ஓடும். அந்தக் கொந்தளிப்புக்குள் பெடியள் குதிப்பதைப் பார்த்து நீங்களும் குதிக்க வேண்டாம். அவர்களுக்கு எங்கே கல், எங்கே ஆழம் என்று தெரியும்.

கட்டின் கிழக்குப் பக்கத்தில் வலதுகரை வாய்க்கால் தொடங்குகிறது. இதன் கரையோடு வடக்கே இறங்கினால் வட்டக்கச்சி. இந்தத் துண்டுதான் முழுச் சுற்றிலும் சிறந்தது என்பது என் எண்ணம். வாய்க்கால் உயரத்தில் ஓடும், வயல் தாழ்வில் கிடக்கும். ஆகவே ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் கண்ணெட்டிய தூரம் நெல். கிளை வாய்க்கால் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மதகு, அதில் உட்கார்ந்து கதைக்க இரண்டு பேர். "எங்க தம்பி நடந்து போறியள்? பஸ் விட்டிட்டுதோ?" என்று கேட்காமல் ஒருவரும் விடமாட்டார். மோட்டார் சைக்கிள்காரர் நிற்பாட்டி, "ஏறுங்கோ, இறக்கி விடுறன்" என்பார். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றால் நம்பமாட்டார். சும்மா நடக்கிறவன் வன்னியில் சந்தேகத்துக்கு உரியவன். நேர்த்திக்கு நடக்கிறவன் அப்படியல்ல. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு முல்லைத்தீவுக் கரையோரமாக நடந்துபோகிறவர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டு அனுப்பிய சனம் இது. கனகாம்பிகை அம்மனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தால் "கோயிலுக்குப் போட்டு வாறன் அண்ணை" என்பது பொய்யும் இல்லை, கேள்வியும் அதோடு முடிந்துவிடும்.

வட்டக்கச்சியில் கடை இருக்கிறது, தேத்தண்ணியும் பணிசும் கிடைக்கும், பஸ் இருக்கிறது. கால் விட்டுப்போனால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மனம் இருந்தால் மேற்கே திரும்பி, கனகராயன் ஆற்றைக் கடந்து பன்னங்கண்டிப் பக்கமாகக் கிளிநொச்சிக்கே நடந்து சேரலாம். காலையில் ஆறு மணிக்கு வெளிக்கிட்டால், நின்று நின்று நடக்கிறவருக்குப் பின்னேரம் ஆகும். இன்னும் நீட்ட வேண்டும் என்பவர் வட்டக்கச்சியில் இருந்து கிழக்கே கல்மடுக்குளம்வரை போகலாம். 2009 ஜனவரியில் போர் நடுவே கட்டுத் தகர்க்கப்பட்டு, பிறகு திருத்திய குளம் அது. ஆனால் அது தனி நாளுக்கு உரிய நடை; ஒரே நாளில் இரண்டையும் கோர்க்கப் பார்த்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டி வரும்.

இரணைமடுவில் குறை இல்லையா? இருக்கிறது. மேடு என்று சொல்ல குளக்கட்டைத் தவிர ஒன்றும் இல்லை. குளத்தின் மறுபக்கம் விமானப்படைத் தளம் இருக்கிறது, சுற்றாடலில் இராணுவ முகாம்களும் உண்டு. அந்தப் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள், ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். குளத்தை முழுதாகச் சுற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். வரைபடத்தில் அலைகரை, அதாவது கட்டில்லாத பக்கத்துத் தண்ணீர் விளிம்பு, ஓரமாகக் கோடுகள் தெரியும். அவை மாட்டுப் பாதைகள்; மாரியில் தண்ணிக்குள் போய்விடும், கோடையில் யானைப் பாதையாகிவிடும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நேரம் குறைந்தவருக்குச் சின்னச் சுற்று ஒன்று உண்டு: கிளிநொச்சியில் இருந்து திருவையாறு ஊடாகக் குளத்துக்கு நடந்து, இரணைமடுச் சந்தி வழியே திரும்பி வருவது. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம். வழி முழுக்க வீடுகள், நாய்கள், "வாங்கோ" என்கிற கிழவிகள்.

அடுத்தது முத்தையன்கட்டு. இரணைமடுவோடு ஒப்பிட்டால் இது ஒரு படி காட்டுக்குக் கிட்ட, ஒரு படி சனத்துக்குத் தூர. பேராற்றை மறித்த குளம். வலதுகரை, இடதுகரை என்று வாய்க்கால் இரண்டு, அந்தப் பெயரிலேயே ஊர்களும் இரண்டு. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானில் இறங்கினால் தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் இருந்தே நடையைத் தொடங்கலாம். வலதுகரைப் பக்கமாகக் கட்டுக்குப் போய், கட்டில் நடந்து, வாய்க்கால் கரையால் இறங்கி, ஒட்டுசுட்டான் – புதுக்குடியிருப்பு வீதியில் ஏறித் திரும்பி வருவது ஒரு நல்ல சுற்று. 

அழகில் இது இரணைமடுவை வெல்லும் என்று சொல்லத் தயங்கமாட்டேன். குளத்தின் பின்பக்கம் முழுக்கக் காடு. பாலை, வீரை, முதிரை. ஜூன், ஜூலையில் பாலைப்பழக் காலம் வந்தால் மரத்தடி மஞ்சளாகக் கிடக்கும். நாலு பழம் சாப்பிட்டதும் உதடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாலைப்பழம் தின்ன வருவது மனிதர் மட்டுமல்ல. கரடிக்கும் அது பிடிக்கும். வன்னிக் காட்டில் யானையைவிடக் கரடிக்குத்தான் பழைய ஆட்கள் பயப்படுவார்கள், ஏனென்றால் யானை நிற்பது தெரியும், கரடி தெரியாது. ஆகவே பழக் காலத்தில் முத்தையன்கட்டுக்குத் தனியே போகிறவர் கட்டையும் வாய்க்கால் கரையையும் விட்டுக் காட்டோரத்துக்கு விலகக்கூடாது. என் அளவுகோலின்படி இந்தச் சுற்று பாதி சித்தி: வாய்க்கால் பக்கம் ஆள் உண்டு, கட்டின் நடுப்பகுதியில் காலை எட்டு மணிக்குப் பிறகு ஆள் அரிது. மீன்பிடிகாரர் விடியப் புறம் வலை தூக்கி, ஜப்பான் மீனை (திலாப்பியா) பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஏழரைக்கே போய்விடுவார்கள். அவர்கள் நிற்கிற நேரத்துக்குள் கட்டைக் கடக்கிற மாதிரி வெளிக்கிட்டால் இது தனி நடைக்கும் உகந்ததே.

இப்போது மலையும் வாய்க்காலும் சேர்கிற அந்த ஒரே தெரிவு: குமுளமுனை – தண்ணிமுறிப்பு – குருந்தூர்மலை.

படத்தில் பார்த்தால் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. குமுளமுனையில் கொட்டுக்கிணற்றுப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துவிட்டு, தண்ணிமுறிப்புக் குளத்து வாய்க்கால் பாய்கிற வயல்வெளியால் மேலேறிப் போய், குளக்கட்டில் நடந்து, மலைக்குப் போய், கிரவல் றோட்டால் திரும்பி வரலாம். மலைக்குப் போய்வருகிற துண்டு மட்டும் பெரும்பாலும் போன வழியே திரும்ப வேண்டி வரும். மற்றப்படி நல்ல வட்டம். மலை பெரிதல்ல, மூச்சு வாங்குமுன் உச்சிக்கு வந்துவிடலாம். சுற்றிலும் தெரிவது நாகஞ்சோலைக் காடு.

ஆனால் இந்த வழியில் ஊர் எங்கே? தண்ணிமுறிப்புச் சனம் 1984இல் விரட்டப்பட்டு இடம்பெயர்ந்தது. அந்த நிலம் பிறகு பழையபடி நிரம்பவில்லை. குமுளமுனை வயல் தாண்டினால் பகலில்கூட நீண்ட தூரம் ஆள் நடமாட்டம் இல்லை. யானை தாராளம். மலையிலோ 2021 ஜனவரியில் தொல்லியல் திணைக்களத்தின் அகழ்வு தொடங்கிய நாளிலிருந்து வழக்கும் பொங்கலும் பொலிஸும் ஓயவில்லை. ஆதி ஐயனார் வழிபாடு நடந்த இடத்தில் விகாரைக் கட்டுமானம் எழுந்ததும், முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளை மேல் கட்டளை போட்டதும், அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனதும் ஊரறிந்த கதை. அந்த மலைக்கு முதுகுப் பையும் கமராவுமாகத் தனியே ஏறுகிற தமிழ்ப் பெடியனை "சுற்றுலாவோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டு விடுவார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அடையாள அட்டையைக் கேட்கலாம், பெயர் பதியலாம், போன காரணத்தை இரண்டு தரம் கேட்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் கேள்வி இன்னும் நீளும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய மலை; போகிறவர்கள் குறைந்துகொண்டு போனால் அது யாருக்கு வசதி என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் தனி நடைக்கு அது இடமல்ல. மூன்று நாலு பேர் சேர்ந்து, அதில் ஒருவர் குமுளமுனைக்காரராக இருந்து, வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளில், சனத்தோடு சனமாகப் போவது வேறு.

வெடுக்குநாறிமலையையும் இதே கணக்கில்தான் வைப்பேன். நெடுங்கேணியில் இருந்து ஒலுமடு போய், அங்கிருந்து காட்டுப் பாதையால் ஆதிலிங்கேஸ்வரரிடம் போவது. குருந்தூரைவிட ஏறுவதற்கு அது நல்ல மலை, பாறையில் ஏணிப்படி பிடித்து ஏறுகிற இடமும் உண்டு. ஆனால் வாய்க்கால் இல்லை, சுற்றும் இல்லை. போன காட்டுப் பாதையால்தான் திரும்ப வேண்டும். 2023 மார்ச்சில் அங்கே விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டதும், 2024 சிவராத்திரி இரவு வழிபாட்டின்போது எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்ததும் மறக்கிற விசயங்களல்ல. அங்கே அடியாராகப் போங்கள். நடைக்கு வேறு இடம் பாருங்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வவுனிக்குளம், மாங்குளத்துக்கு மேற்கே, பாலியாற்றுக் குளம். பஸ்ஸில் மல்லாவிப் பக்கம் போய் இறங்கலாம். ஆள் நடமாட்டத்தில் இரணைமடுவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வயதானவர், முழங்கால் நோ உள்ளவர், பாதியில் திரும்ப வேண்டி வரலாம் என்று நினைப்பவர் இதையே தெரிந்தெடுக்கலாம். சுவாரசியம் என்று பார்த்தால் கொஞ்சம் மட்டு. மன்னார்ப் பக்கக் கட்டுக்கரைக்குளம் பறவை பார்க்கிறவர்களுக்கு. தாதுசேனன் காலத்தது என்று சொல்லப்படுகிற மிகப் பெரிய, ஆழமில்லாத குளம். அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, அங்கிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டுவருகிறார்கள். மாரியில் வெளிநாட்டு வாத்தும் நாரையும் நிறைந்துவிடும். வாய்க்கால் வேண்டும் என்பவருக்கு இது மிகப் பழைய வாய்க்கால். ஆனால் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை, சுற்றி வருகிற தூரமும் ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கிறதல்ல. ஒரு பக்கக் கட்டில் போய், அதே கட்டில் திரும்புவதுதான் நடைமுறை.

எப்போது போவது என்பதில் ஒரு இழுபறி இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாய்க்காலில் தண்ணி ஓடுகிற காலமும் நடக்கச் சுகமான காலமும் ஒன்றல்ல. காலபோகம் மாரி மழையை நம்பிய விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் நடை என்ற பேச்சே இல்லை. பாதை சேறாகும், பாம்பு மேட்டுக்கு ஏறும், மதகுகள் அரிக்கும். மாசி மாதம் வந்தால் வானம் வெளிக்கும், காற்றில் குளிர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், குளம் நிறைந்து நிற்கும், காட்டுக்குள் இன்னும் தண்ணி இருப்பதால் யானைக்கும் குளத்தடிக்கு வர அவசரம் இல்லை. அறுவடை நடக்கும், சுனாமி என்று சனம் சொல்கிற அறுவடை மெஷின் வயலுக்குள் இரையும், தார் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். அந்த நெல்லில் கால் வைத்துவிடாதீர்கள், அதைவிடப் பெரிய மரியாதைக் கேடு வேறில்லை. ஆனால் அப்போது வாய்க்கால் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும்.

சித்திரை கடந்து சிறுபோகத்துக்குத் துருசு திறந்த பிறகுதான் வாய்க்கால் கரைவரை ஓடும். எந்தத் திகதியில் திறப்பது என்று அரச அதிபர் தலைமையில் கமக்காரர் கூடுகிற சிறுபோகக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், செய்தியில் வரும். அந்த நாட்களில் வெயில் பத்து மணிக்கே தலையைப் பிளக்கும், சோளகக் காற்றுத் தூசியை முகத்தில் அள்ளிப் போடும். ஆகவே என் பங்கீடு இப்படி: முழுச் சுற்று நடக்கிறவர் மாசியில் வாருங்கள், வாய்க்கால் வற்றியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தண்ணியோடு நடக்க ஆசைப்படுகிறவர் வைகாசியில் வாருங்கள், திருவையாற்றுச் சின்னச் சுற்றையோ துருசடியில் இருந்து வட்டக்கச்சிவரை உள்ள துண்டையோ மட்டும் விடியப் புறத்தில் நடந்து, வெயிலுக்கு முன் முடியுங்கள். ஆவணி, புரட்டாதி யாருக்கும் வேண்டாம். காடு காய்ந்து யானை எல்லாம் குளத்தடியில் நிற்கிற காலம் அது.

யானையைப் பற்றி இன்னும் கொஞ்சம். கட்டில் இலத்தி கிடப்பது சாதாரணம். அதைப் பார்த்ததும் திரும்பி ஓட வேண்டியதில்லை. குனிந்து பாருங்கள். வெளியே காய்ந்து வெளிறி, நார் நாராகப் பிரிந்திருந்தால் பழையது. பச்சை மாறாமல், ஈரம் மினுங்கி, வண்டு அப்போதுதான் உருட்டத் தொடங்கியிருந்தால், அந்த யானை இன்னும் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே, வந்த வழியே திரும்பி, முதலில் சந்திக்கிற ஆளிடம் சொல்வது. "ஆனை நிக்குது தம்பி, அங்கால போகாதேங்கோ" என்று ஒருவர் சொன்னால், 'பரவாயில்லை, பார்த்துப் போறன்' என்று வீரம் பேசாதீர்கள். அவர் அந்தப் பக்கத்து யானைகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்தவர். காலை ஆறுக்கு முன்னும் பின்னேரம் ஐந்துக்குப் பின்னும் கட்டில் நிற்காமல் இருந்தாலே பாதி ஆபத்துப் போய்விடும். யானை வெடி சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கலைத்த யானை எரிச்சலோடு வரும்.

யானையைவிட நான் அதிகம் எச்சரிப்பது கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மரைக்கும் என்று காட்டுப் பாதையில் கட்டி வைப்பார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும், பன்றியா மனிதனா என்று பார்க்காது. கிரவல் பாதையை விட்டு ஒற்றையடிப் பாதையில் 'குறுக்கால போனா கிட்ட' என்று இறங்குகிறவருக்குத்தான் அது காத்திருக்கிறது. மிதிவெடியும் அதேபோல. பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கியாகிவிட்டது; ஆனாலும் மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகையோ, நிரையாகச் சிவப்புத் தடியோ தெரிந்தால் அதற்கு அங்கால் ஒரு பூப் பறிக்கக்கூடப் போகாதீர்கள். தெரியாத இரும்பைக் காலால் தட்டிப் பார்க்கிற பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. வன்னியில் அது ஆகாது. குளத்தில் முதலை உண்டு. சனம் குளிக்கிற துறையில் மட்டும், சனம் குளிக்கிற நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

பெண்கள் தனியே நடக்கலாமா என்று கேட்கிறார்கள். வட்டக்கச்சிச் சுற்று நடக்கலாம். அங்கே பெண்கள் தனியே சைக்கிளில் வயலுக்கும் வேலைக்கும் போய்வருகிற பாதைகள்தான் எல்லாம். "அக்கா, தனியவோ?" என்ற கேள்வி கூடுதலாக வரும், அவ்வளவே. முத்தையன்கட்டுக் கட்டுக்கு ஒரு துணை தேவை என்றே சொல்வேன். இதை ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆனால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணி. குளத்துத் தண்ணியை நம்ப வேண்டாம், கிணறு உள்ள வீட்டில் கேட்டால் தராதவர் இல்லை. கணுக்காலை மூடுகிற சப்பாத்து, புடையன் பாம்புக்காக. அடையாள அட்டை. ஒரு தடி. முறிகண்டியில் பஸ் நின்றால் ஒரு பை கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் எல்லாரும் வாங்குகிறதுதான். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள், எத்தனை மணிக்குள் வந்துவிடுவீர்கள் என்று தங்கியிருக்கிற வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.

ஆக, முதல் தடவை தனியே நடக்க வருகிறவருக்கு இரணைமடு – வட்டக்கச்சி. அதை நடந்து பழகி, விடியப் புறம் எழும்பவும் தயங்காதவருக்கு முத்தையன்கட்டு. மலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர், குமுளமுனையில் தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்து, போகிற நாள் எது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொண்டு, குறைந்தது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆள் சேராவிட்டால் வட்டக்கச்சி பஸ் கிளிநொச்சிச் சந்தையடியில் நிற்கும்.